ஒரே மெஷின், மூன்று சம்பளம்

பயோமெடிக்கல் இன்ஜினியருக்கு எவ்வளவு சம்பளம் என்று இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் கணக்குதான். 2024 மே மாத நிலவரப்படி அங்கே ஆண்டுக்கு 1,06,950 டாலர். இது சராசரி அல்ல, நடுமட்டம். பாதிப் பேர் இதற்கு மேலே வாங்குகிறார்கள், பாதிப் பேர் கீழே. அடியில் இருக்கும் பத்து சதவீதம் பேருக்கு 72,000 டாலர்கூட வருவதில்லை. உச்சியில் இருக்கும் பத்து சதவீதம் பேர் 1,65,000 டாலரைத் தாண்டுகிறார்கள். எண்களில் பிழை எதுவும் இல்லை. ஆனால் இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வேலையில் சேர்ந்தவர்கள், முதல் மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்ததும் முகம் சுருங்கிப்போவதைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன்.

அந்த 1,06,950 டாலர் கருவிகளை வடிவமைப்பவர்கள், ஆராய்ச்சி செய்பவர்கள், சோதித்துப் பார்ப்பவர்கள் ஆகியோரின் கணக்கு. ஆஸ்பத்திரியில் வென்டிலேட்டரைப் பிரித்துச் சரிசெய்பவரை அதே புள்ளியியல் துறை, மருத்துவக் கருவிப் பழுதுபார்ப்பவர் என்று தனிப் பட்டியலில் வைத்திருக்கிறது. அங்கே நடுமட்டம் 62,000 டாலரை ஒட்டித்தான். இரண்டு பேரின் அடையாள அட்டையிலும் பல இடங்களில் ஒரே பதவிப் பெயர்தான் அச்சாகியிருக்கும். சில சமயம் ஒரே பட்டமும் படித்திருப்பார்கள். ஆனால் வடிவமைப்பவருக்குப் பழுதுபார்ப்பவரைவிடச் சுமார் எழுபது சதவீதம் கூடுதல் சம்பளம்.

நான் இரண்டு பக்கமும் இருந்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் தொடங்கி, பிறகு ஸ்கேன் மெஷின்களுக்கான ஃபீல்டு சர்வீஸுக்கு, அதாவது மெஷின் இருக்கும் இடத்துக்கே போய்ப் பழுதுபார்க்கும் வேலைக்குப் போய், இப்போது கருவி தயாரிக்கும் நிறுவனத்தில் தரம் பார்க்கும் குவாலிட்டி, அரசு அனுமதிக்கான கோப்புகளைத் தயாரிக்கும் ரெகுலேட்டரி வேலை. என் சம்பளம் பெரிதாக உயர்ந்த இரண்டு முறையும் நான் புதிதாக எந்தப் பட்டமும் வாங்கியிருக்கவில்லை. சம்பளம் கொடுப்பவர் மாறினார், அவ்வளவுதான். இந்தத் துறையில் யார் எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதை மார்க் ஷீட்டை வைத்துக் கணிக்க முடியாது. நாம் செய்யும் வேலை, முதலாளியின் கணக்கில் செலவுப் பக்கம் எழுதப்படுகிறதா வரவுப் பக்கம் எழுதப்படுகிறதா என்று பார்த்தால் ஓரளவு கணித்துவிடலாம்.

ஆஸ்பத்திரியில் நாம் செலவு. இதில் கோபப்பட ஒன்றும் இல்லை, கணக்கு அப்படித்தான். என் அன்றாட வேலை பிஎம் என்று நாங்கள் சொல்லும் முன்கூட்டிய பராமரிப்பு. நோயாளிக்கு மருந்தை அளவாகச் செலுத்தும் இன்ஃப்யூஷன் பம்புகள் டிராலியில் அடுக்கி வரும். ஒவ்வொன்றையும் அனலைசரில் மாட்டி, செட் செய்த வேகத்தில்தான் மருந்து இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பொதுவாக ஐந்து சதவீதம் முன்னே பின்னே அனுமதி. பிறகு குழாயை அடைத்துப் பிடித்து, எத்தனை அழுத்தத்தில் அலாரம் அடிக்கிறது என்று பார்க்க வேண்டும். பேட்டரியில் ஓட விட வேண்டும். எர்த் சரியாக இருக்கிறதா, கசிவு மின்னோட்டம் எவ்வளவு என்று அளக்க வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டி, ரெஜிஸ்டரில் ஏற்றி, அடுத்த பம்ப். இதில் ஒன்றைக் கவனக்குறைவாக விட்டால் ஐசியூவில் ஒரு உயிருக்கே ஆபத்து. ஆனால் நன்றாகச் செய்தால் எதுவுமே நடக்காது. எதுவுமே நடக்காத வேலைக்குச் சம்பள உயர்வு கேட்பது எவ்வளவு கஷ்டம் என்பது அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அப்போது எனக்கு மேலே இருந்த சார் ஒருவர் சொல்லிக்கொடுத்த பழக்கம் இன்றுவரை உதவுகிறது. "நீ எத்தனை பம்ப் பார்த்தேன்னு எழுதாதேம்மா. வெளியாளைக் கூப்பிட்டிருந்தா எவ்வளவு பில் வந்திருக்கும்னு எழுது" என்றார். அன்றிலிருந்து ஒரு எக்ஸெல் ஷீட் வைத்துக்கொண்டேன். எந்த மெஷின், என்ன பழுது, உதிரிபாகம் எவ்வளவு, நிறுவனத்து ஆள் வந்திருந்தால் விசிட்டுக்கு எவ்வளவு, மெஷின் எத்தனை மணி நேரம் நின்றது. ஆண்டு மதிப்பீட்டில் அந்தத் தாளை நீட்டியபோதுதான் நிதிப் பிரிவில் இருந்தவர் முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த வருடம் மற்றவர்களைவிட எனக்குக் கொஞ்சம் கூடக் கிடைத்தது. கொஞ்சம்தான். ஆனால் அதைவிடப் பெரிய பலன், அனஸ்தீஷியா மெஷின் பயிற்சிக்கு ஆஸ்பத்திரி செலவில் அனுப்பினார்கள்.

அந்தப் பயிற்சிதான் ஆஸ்பத்திரிக்குள் இருந்துகொண்டே சம்பளத்தை உயர்த்தும் வழி. பிபி மானிட்டர், பம்ப், கட்டில் என்று பொதுவாகப் பார்ப்பவருக்கும், அனஸ்தீஷியா, டயாலிசிஸ், இமேஜிங் எனப்படும் ஸ்கேன் கருவிகள் என்று ஒன்றில் ஆழமாக இறங்கியவருக்கும் இடையே நல்ல இடைவெளி உண்டு. இமேஜிங் தெரிந்தவருக்கு அதிலும் கூடுதல். மருத்துவக் கருவி டெக்னீஷியன்களுக்கான சி.பி.இ.டி. போன்ற சான்றிதழ்களும் உதவும், ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அல்ல. சில ஆஸ்பத்திரிகளில் அது இருந்தால்தான் அடுத்த நிலைக்குப் போக முடியும். சில இடங்களில் சுவரில் மாட்டி வைக்க மட்டும். பரீட்சைக்குப் பணம் கட்டுவதற்கு முன் உங்கள் ஊதிய நிலை விதிகளில் அதன் பெயர் இருக்கிறதா என்று எச்ஆரிடம் கேட்டுவிடுங்கள்.

இன்னொரு தடை பலருக்குத் தெரியாது. பெரிய மெஷின்களில் சர்வீஸ் மோடுக்குள் நுழையவே தயாரிப்பாளர் கொடுக்கும் சாவி வேண்டும். அது பாஸ்வேர்டாக இருக்கலாம், மெஷினில் செருகும் டாங்கிள் என்ற சின்னக் கருவியாக இருக்கலாம். அது இல்லையென்றால் எவ்வளவு திறமை இருந்தும் எரர் கோடைப் படித்துவிட்டு போன் போட வேண்டியதுதான். வெளியாட்கள் பழுதுபார்ப்பது பற்றி அமெரிக்காவின் உணவு, மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ 2018-ல் நாடாளுமன்றத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தது. தயாரிப்பாளர் அல்லாதவர்கள் செய்யும் சர்வீஸில் பரவலான ஆபத்து இருப்பதாகச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை, அப்படிப்பட்டவர்கள் இருப்பது சுகாதாரத் துறைக்கு மிக அவசியம் என்றது. ஆனாலும் சாவிச் சண்டை ஓயவில்லை. கருவி வாங்கும் ஒப்பந்தத்திலேயே பயிற்சியையும் சர்வீஸ் சாவியையும் சேர்த்து வாங்கும் ஆஸ்பத்திரியில் இன்ஜினியரின் மதிப்பும் சம்பளமும் வேறு. வேலைக்குச் சேரும்முன் இன்டர்வியூவில் நாம் திருப்பிக் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி இது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன்.

ஒரு நாள் இரவு எம்ஆர்ஐ நின்றுபோனது. எம்ஆர்ஐ அறைக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், ஸ்கேன் ஓடாதபோதும் குருவி கத்துவதுபோல் ஒரு சத்தம் விடாமல் வந்துகொண்டே இருக்கும். காந்தத்தின் ஹீலியத்தைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும் கோல்டு ஹெட் எழுப்பும் சத்தம் அது. அன்று அந்தச் சத்தம் இல்லை. கோல்டு ஹெட்டை ஓட்டும் கம்ப்ரஸர் ட்ரிப் ஆகியிருந்தது. அதற்குக் குளிர்ந்த தண்ணீர் கொடுக்கும் சில்லரில் ஓட்டம் நின்றதுதான் மூலம். ஹீலியம் அழுத்தம் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. நான் சில்லரைப் பார்த்து, ஃபில்டரில் அடைத்திருந்த அழுக்கை எடுத்து, ஓட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தேன். கம்ப்ரஸரை மறுபடி ஓட வைத்து, அளவுகளைச் சரிபார்த்து, மெஷினை ஸ்கேனுக்கு ஒப்படைத்தது நிறுவனத்தின் சர்வீஸ் இன்ஜினியர். விடிந்ததும் அதே நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி வந்து, புதிய சர்வீஸ் ஒப்பந்தத்தில் சில்லரையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று ரேடியாலஜி தலைவரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

மூன்று பேரும் பயோமெடிக்கல் படித்தவர்கள். சர்வீஸ் இன்ஜினியர் என்னைவிடக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு வாங்கினார் என்பது பின்னால் நான் அதே பக்கம் தாவியபோது தெரிந்தது. விற்பனைப் பிரதிநிதிக்கு அடிப்படைச் சம்பளம் அவரைவிடப் பெரிதாக இல்லை. இலக்கைத் தொட்ட காலாண்டில் இன்சென்டிவோடு சேர்த்தால் எங்கள் இருவரையும் தாண்டிவிடுவார், தொடாத காலாண்டில் பேச்சே இருக்காது. பெரிய இமேஜிங் மெஷின்களுக்கு ஆண்டு சர்வீஸ் ஒப்பந்தம் வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி வருவது வழக்கம். சர்வீஸ் இன்ஜினியரின் ஒவ்வொரு மணி நேரமும் அந்த ஒப்பந்தத்துக்குள் விற்கப்பட்ட சரக்கு. என் மணி நேரம் எங்கேயும் விற்கப்படவில்லை.

ஃபீல்டு சர்வீஸுக்குப் போனதும் ஆஃபர் லெட்டரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அடிப்படைச் சம்பளம், ஓவர்டைம், எந்நேரமும் அழைப்புக்குத் தயாராக இருப்பதற்கான ஆன்கால் அலவன்ஸ், கார், தினப்படி என்று வரிவரியாக இருந்தது. சில மாதம் போனபின் ஒரு கணக்குப் போட்டேன். கைக்கு வந்த மொத்தத்தை வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பி வரும்வரையான மொத்த நேரத்தால் வகுத்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்கும் இதற்கும் இருந்த ஒன்றரை மடங்கு வித்தியாசம் பாதிக்கு மேல் கரைந்துபோனது. சாலையில் போகும் நேரம், விமான நிலையத்தில் உதிரிபாகத்துக்காகக் காத்திருக்கும் நேரம், ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தைக் கலைக்கும் போன், எல்லாம் அந்த வகுத்தலின் கீழ்ப்பகுதியில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அதற்காக அந்த வேலை வேண்டாம் என்று சொல்லவில்லை. இளம் வயதில் வேகமாகக் கற்றுக்கொள்ளவும் கடன் இருந்தால் அடைக்கவும் அதைவிட நல்ல வேலை இந்தத் துறையில் இல்லை என்பேன். ஆனால் இன்டர்வியூவில் மூன்று விஷயத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: பயண நேரத்துக்கு ஊதியம் உண்டா, ஒரு ஆளுக்கு எத்தனை மெஷின், ஆன்கால் முறை எத்தனை வாரத்துக்கு ஒரு முறை வருகிறது. கடைசிக் கேள்விக்குப் பதில் மழுப்பலாக வந்தால், ஆள் பற்றாக்குறை என்று அர்த்தம்.

அதோடு பாண்டு. தயாரிப்பாளர் நடத்தும் மெஷின் பயிற்சி விலை உயர்ந்தது. பயிற்சி முடித்து இத்தனை மாதத்துக்குள் வேலையை விட்டால் அந்தச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று எழுதி வாங்குவார்கள். இது நியாயம்தான், ஆனால் மாதம் ஏற ஏறத் தொகை குறைகிறதா, கடைசி நாள்வரை முழுத் தொகையும் நிற்கிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. குறையும்படி மாற்றச் சொன்னால் பெரும்பாலும் மாற்றிக் கொடுப்பார்கள். கேட்பவர்கள்தான் குறைவு.

தயாரிப்பு நிறுவனத்துக்குள் வந்த பிறகுதான் சம்பளத்தின் உள்கட்டமைப்பு எனக்கு முழுதாக விளங்கியது. வெளியே இருந்து பார்த்தால் ஆராய்ச்சிப் பிரிவுதான் உச்சம் என்று தோன்றும். உள்ளே வந்தால் அதற்குள்ளேயே மேடு பள்ளம். ஒரே இன்சுலின் பம்ப் திட்டத்தில் பிளாஸ்டிக் உறையை வடிவமைப்பவர், மோட்டாரைச் சோதிப்பவர், உள்ளே ஓடும் மென்பொருளை எழுதுபவர் மூவரும் ஒரே நிலையில் இருந்தாலும் மென்பொருள்காரருக்குக் கூடுதலாக வைத்திருப்பார்கள். அவர் வெளியே போனால் எந்த மென்பொருள் நிறுவனமும் எடுத்துக்கொள்ளும் என்பது முதலாளிக்குத் தெரியும். அமெரிக்கக் கணக்கிலேயே பாருங்கள், அதே 2024-ல் மென்பொருள் உருவாக்குபவர்களின் நடுமட்டம் 1,33,080 டாலர்; மெக்கானிக்கல் இன்ஜினியர்களுக்கு 1,02,320. பயோமெடிக்கல் இடையில் நிற்கிறது. நமக்குப் போட்டி நம் வகுப்பில் படித்தவர்கள் மட்டுமில்லை. அங்கே பயோமெடிக்கல் இன்ஜினியர் என்ற வகையில் வேலை செய்பவர்கள் சுமார் 20,000 பேர்தான், மெக்கானிக்கல்காரர்களோ சுமார் 2,90,000. கருவி நிறுவனங்கள் மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ் ஆட்களைத் தாராளமாக எடுக்கின்றன. நம் பட்டம் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுக் காட்டுவதால், எதையாவது ஒன்றை அவர்கள் அளவுக்குச் செய்யத் தெரியாவிட்டால் இன்டர்வியூவில் அவர்கள் பக்கம்தான் தராசு சாயும். எம்பெடெட் மென்பொருள், சிக்னல் ப்ராசஸிங், வடிவமைப்பு மென்பொருள், ஏதாவது ஒன்று கைவசம் இருக்க வேண்டும்.

நான் சேர்ந்த ரெகுலேட்டரி பக்கம் படிக்கும்போது யாருக்கும் கவர்ச்சியாகத் தெரியாத வேலை. நாள் முழுக்கக் காகிதம். தர மேலாண்மைக்கு ஐஎஸ்ஓ 13485 என்ற தரநிலை, அபாய மேலாண்மைக்கு ஐஎஸ்ஓ 14971, மென்பொருளுக்கு ஐஇசி 62304, மின் பாதுகாப்புக்கு ஐஇசி 60601. ஆஸ்பத்திரியில் கசிவு மின்னோட்டம் அளந்தபோது அந்த வரம்பு எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்ததில்லை. இங்கே வந்துதான் அதன் பின்னால் இருக்கும் தர்க்கத்தைப் படித்தேன். இந்தக் காகித வேலைக்கு ஏன் நல்ல சம்பளம்? கோப்பு ஒரு மாதம் தாமதமானால் பொருள் ஒரு மாதம் தாமதமாக விற்பனைக்கு வருகிறது. அந்த ஒரு மாத விற்பனைக்கு முன்னால் என் சம்பளம் தூசு.

இதில் சட்டம் மாறும்போது சந்தை எப்படித் துள்ளும் என்பதைக் கண்ணால் பார்த்தேன். ஐரோப்பிய ஒன்றியம் மருத்துவக் கருவிகளுக்கான புதிய ஒழுங்குமுறையை 2017-ல் கொண்டுவந்தது. 2020-ல் நடைமுறைக்கு வர வேண்டியது, கொரோனாவால் ஒரு வருடம் தள்ளி 2021 மே 26 முதல் அமலானது. பழைய சட்டத்தின் கீழ் சான்று பெற்ற கருவிகளுக்கெல்லாம் மருத்துவச் சான்றாதாரங்களைத் திரட்டிப் புதிதாகக் கோப்பு எழுத வேண்டிய நிலை. அந்தச் சட்டத்தின் 15-வது பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: ஒழுங்குமுறைக்குப் பொறுப்பானவர் என்று ஒருவரை ஒவ்வொரு தயாரிப்பாளரும் வைத்திருந்தே ஆக வேண்டும். அவருக்கு உரிய பட்டப்படிப்போடு இந்தத் துறையில் ஓராண்டு அனுபவம், இல்லையென்றால் நான்கு ஆண்டு அனுபவம் இருக்க வேண்டும். தகுதியைச் சட்டமே எழுதி வைத்துவிட்டால் அப்புறம் பேரம் பேசும் பலம் யாருக்கு? அந்த நாட்களில் காண்ட்ராக்ட் முறையில் வேலை பார்த்தவர்கள் சொன்ன மணிநேரக் கட்டணத்தை நிறுவனங்கள் முனகிக்கொண்டே கொடுத்தன. பிறகு 2023-ல் பழைய சான்றுகளுக்கான கெடுவைக் கருவியின் அபாய வகைக்கு ஏற்ப 2027, 2028 இறுதிவரை நீட்டினார்கள். அவசரம் தணிந்தது, எனக்குத் தெரிந்த சில காண்ட்ராக்ட் ஆட்களுக்கு அழைப்பும் குறைந்தது. சட்டம் கொடுத்த ஏற்றத்தை நிரந்தரம் என்று நம்பி பெரிய வீட்டுக்கடன் எடுத்தவர்களுக்கு அந்த வருடம் கஷ்டமாகத்தான் போனது.

காண்ட்ராக்ட் பற்றியே ஒரு வார்த்தை. மணிநேரக் கட்டணம் நிரந்தர ஊழியரைவிட எவ்வளவோ கூடத் தெரியும். விடுமுறை, நோய்நாள், காப்பீடு, ஓய்வூதியப் பங்களிப்பு, இரண்டு ஒப்பந்தங்களுக்கு நடுவே சும்மா இருக்கும் வாரங்கள் எல்லாவற்றையும் கழித்தபின் மிஞ்சுவதைத்தான் ஒப்பிட வேண்டும். குடும்பத்தில் இன்னொருவருக்கு நிலையான வருமானமும் காப்பீடும் இருந்தால் காண்ட்ராக்ட் லாபம். இல்லையென்றால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஊர் மாறினால் சம்பளம் மாறும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வாடகையைக் கழித்துப் பார் என்ற அறிவுரையும் பழசு. அதைவிட முக்கியமானது, அந்த ஊரில் நம்மை வேலைக்கு எடுக்கக்கூடிய நிறுவனங்கள் எத்தனை என்பது. அமெரிக்காவின் மினியாபோலிஸ் மருத்துவக் கருவித் தொழிலுக்குப் பேர்போன இடம். 1949-ல் ஏர்ல் பாக்கனும் அவர் மைத்துனரும் ஒரு கராஜில் மெட்ரானிக் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1957-ல் பக்கத்துப் பல்கலைக்கழக அறுவை நிபுணர் லில்லஹைக்காக பேட்டரியில் ஓடும் பேஸ்மேக்கரை பாக்கன் செய்து கொடுத்தார். அதைச் சுற்றி ஊரே கருவி ஊராக வளர்ந்தது. இண்டியானா மாநிலத்தில் வார்ஸா என்று ஒரு சின்ன ஊர். 1895-ல் அங்கே டிபியூய் நிறுவனம் எலும்பு முறிவுக்கான தாங்கிகளைச் செய்யத் தொடங்கியது. அங்கே வேலை பார்த்த ஜஸ்டின் ஜிம்மர் வெளியேறி 1927-ல் தன் பெயரிலேயே நிறுவனம் தொடங்கினார். 1977-ல் பயோமெட் வந்தது. இன்று செயற்கை மூட்டுத் தொழிலின் தலைநகரம் என்றே அதைச் சொல்கிறார்கள். அயர்லாந்தின் கால்வேயிலும் இதே கதைதான், மெட்ரானிக்கும் இன்னொரு கருவி நிறுவனமான பாஸ்டன் சயின்டிஃபிக்கும் ஒரே ஊரில் இருக்கின்றன. இப்படிப்பட்ட இடத்தில் இருக்கும் இன்ஜினியர் வீடு மாற்றாமல், பிள்ளைகளின் பள்ளியை மாற்றாமல் எதிர்த்த கட்டடத்துக்குப் போய்விடலாம். அது மேலாளருக்கும் தெரியும். ஆகவே கேட்காமலே ஓரளவு உயர்வு வரும். ஒரே ஒரு நிறுவனம் இருக்கும் ஊரில் எவ்வளவு நல்ல ஆரம்பச் சம்பளம் கொடுத்தாலும் ஐந்தாறு வருடத்தில் சந்தையைவிடப் பின்தங்கிவிடுவோம்.

அரசு ஊதிய விகிதம் இருக்கும் இடங்களில் பேரத்துக்கு வேலையே இல்லை என்று நினைப்பார்கள். அங்கேயும் பேரம் உண்டு, ஆனால் எதற்கு என்பதுதான் வேறு. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸில் 2004 முதல் எல்லோருக்கும் பொதுவான ஊதியப் பட்டை முறை. 2024-25 இங்கிலாந்து விகிதத்தில் 5-வது பட்டை 29,970 பவுண்டில் தொடங்கியது, 6-வது 37,338-ல், 7-வது 46,148-ல். கருவி பார்க்கும் டெக்னாலஜிஸ்ட் வேலை பெரும்பாலும் 5-ல் தொடங்கும். விஞ்ஞானிப் பயிற்சித் திட்டத்தில் சேர்பவர்கள் 6-வது பட்டையில் பயின்று, முடித்துப் பதிவுபெற்ற கிளினிக்கல் சயின்டிஸ்டாக 7-க்குப் போகிறார்கள். பட்டைக்குள் எவ்வளவு கெஞ்சினாலும் ஒரு பவுண்டு ஏறாது. ஆனால் நாம் உண்மையில் செய்யும் வேலை மேல்பட்டைக்கு உரியது என்று வேலை விவரக் குறிப்பை மறுமதிப்பீடு செய்யச் சொல்லிக் கேட்கலாம். எழுத்தில் இல்லாத பொறுப்பைச் சும்மா சுமப்பவர்கள்தான் இத்தகைய இடங்களில் அதிகம் நஷ்டப்படுகிறார்கள்.

முனைவர் பட்டம் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் பெரும்பாலும் பிடிப்பதில்லை. சம்பளத்துக்காக என்றால் வேண்டாம். அமெரிக்காவில் அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்ஐஹெச் 2024-க்கு நிர்ணயித்த முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சியாளரின் ஆரம்ப உதவித்தொகை 61,008 டாலர். படிப்பை முடித்து ஐந்தாறு வருடம் கூடுதலாக உழைத்தபின் வருவது, ஆஸ்பத்திரியில் கருவி பார்ப்பவரின் நடுமட்டத்தையே ஒட்டி நிற்கிறது. பல்கலைக்கழகத்தை விட்டு நிறுவனத்துக்கு வந்தால் நிலைமை மாறும். அல்காரிதம், உடலியல் மாடலிங், மருத்துவச் சான்றாதாரம் போன்றவற்றில் அந்தப் பட்டம் இல்லாமல் கதவே திறக்காத வேலைகள் இருக்கின்றன. ஆராய்ச்சி பிடித்திருந்தால் செய்யுங்கள். முதுகலைப் பட்டம் வேறு விஷயம். இரண்டு வருடத்தில் முடிந்து, ஒரு பிரிவில் கையைத் திருத்திக் கொடுத்தால் போட்ட பணம் திரும்பி வந்துவிடும்.

சம்பளப் பேச்சுக்கு வருவோம். இப்போது நான் மேசையின் மறுபக்கத்திலும் உட்காருகிறேன். ஆள் உள்ளே வருமுன்பே அந்த இடத்துக்கான கீழ் எல்லை, மேல் எல்லை எங்கள் கையில் எழுதியிருக்கும். எந்த எண்ணில் வைப்பது என்பதை முடிவு செய்வதில் அவர் முன்பு எவ்வளவு வாங்கினார் என்ற தகவலுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வருபவர்கள் அடிபடுவது இங்கேதான். பழைய சம்பளம் குறைவு, அதில் இருபது சதவீதம் கூட்டிக் கொடுத்தாலும் எங்கள் கீழ் எல்லையைத்தான் தொடும். "என் பழைய சம்பளம் வேறு துறையின் விகிதம். இந்த வேலைக்கு நீங்கள் ஒதுக்கியிருக்கும் வரம்பைச் சொல்லுங்கள், அதிலிருந்து பேசலாம்" என்று மரியாதையாகச் சொன்ன ஒரு பெண்ணுக்கு எச்ஆர் வரம்பைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களில் முந்தைய சம்பளத்தைக் கேட்பதையே சட்டம் தடுக்கிறது.

வரம்பை நாமே தெரிந்துகொள்ளவும் வழி இருக்கிறது. கொலராடோவில் 2021 முதல், நியூயார்க் நகரத்தில் 2022 நவம்பர் முதல், கலிஃபோர்னியாவில் 2023 ஜனவரி முதல் வேலை விளம்பரத்திலேயே சம்பள வரம்பைப் போட வேண்டும் என்பது சட்டம். ஐரோப்பிய ஒன்றியமும் 2023-ல் இதே போக்கில் ஓர் உத்தரவு போட்டு, உறுப்பு நாடுகளுக்கு 2026 ஜூன் 7 வரை கெடு கொடுத்தது. நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் இந்த விளம்பரங்கள் பயன்படும். உங்கள் நிறுவனம் அங்கேயும் ஆள் எடுக்கிறதென்றால், முதல் நிலைக்கும் மூத்த நிலைக்கும் இடையே எத்தனை சதவீதம் வைத்திருக்கிறார்கள், குவாலிட்டிக்கும் ஆராய்ச்சிக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதெல்லாம் வெளிச்சமாகத் தெரியும். தொகை உங்கள் நாட்டுக்குப் பொருந்தாது. விகிதம் பெரும்பாலும் பொருந்தும். இப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்துத்தான், முன்பு நான் இருந்த ஒரு நிறுவனத்தில் என்னோடு அதே நிலையில் சேர்ந்த ஆண் சக ஊழியருக்கும் எனக்கும் வித்தியாசம் இருக்கலாம் என்ற சந்தேகமே வந்தது. அவரிடமே கேட்டேன், சொன்னார். இருந்தது. விளம்பரத்தின் நகலோடு மேலாளரிடம் போய் உட்கார்ந்தேன். அடுத்த ஊதியத் திருத்தத்தில் சரிசெய்தார்கள், பழைய பாக்கி மட்டும் வரவில்லை.

ஸ்டார்ட்அப் ஆஃபரில் பங்குகளின் எண்ணிக்கையைப் பெரிதாகக் காட்டுவார்கள். எண்ணிக்கைக்கு அர்த்தமே இல்லை, நிறுவனத்தில் அது எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். பங்குகள் நான்கு வருடத்தில் தவணையாக நமக்குச் சொந்தமாவதுதான் வழக்கமான ஏற்பாடு, முதல் வருடம் முடியும்வரை ஒன்றும் கைக்கு வராது. மென்பொருள் ஸ்டார்ட்அப்புக்கும் கருவி ஸ்டார்ட்அப்புக்கும் ஒரு வித்தியாசம் உண்டு: இங்கே மருத்துவப் பரிசோதனை, அனுமதி என்று வருடங்கள் ஓடும், இடையில் முதலீடு திரட்டத் திரட்ட நம் பங்கு சுருங்கும். ஏற்கெனவே சந்தையில் இருக்கும் கருவியை ஒத்ததென்று காட்டி எஃப்டிஏ அனுமதி வாங்கும் 510(கே) வழியில் போகிறார்களா, முழுமையான ஆதாரம் கேட்கும் பிஎம்ஏ வழியா என்று கேட்டாலே, பங்கு பணமாக எவ்வளவு காலம் பிடிக்கும் என்பது ஓரளவு புரிந்துவிடும். பிஎம்ஏ என்றால் நான் அடிப்படைச் சம்பளத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வேறு இடத்தில் ஆஃபர் வந்து ராஜினாமா கொடுக்கும் நிலையில் இருப்பவர்கள் கடிதத்தை அனுப்புவதற்கு முன் மூன்று தேதிகளை எடுத்துப் பார்க்க வேண்டும். ஆண்டு போனஸ் எந்த நாளில் கணக்கில் வரவாகிறது, பல நிறுவனங்களில் அந்த நாளில் ஊழியராக இருந்தால்தான் பணம். பங்கின் அடுத்த தவணை எப்போது. பயிற்சிப் பாண்டு எப்போது முடிகிறது. புதிய இடத்தில் சேரும் தேதியைச் சில வாரம் தள்ளிக் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அவசரமாக வேண்டும் என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தால், இங்கே நாம் இழக்கும் தொகையைச் சேர்க்கை போனஸாகக் கேட்கலாம்; அடிப்படைச் சம்பளத்தைக் கூட்டத் தயங்கும் எச்ஆர்கூட ஒரு முறைத் தொகைக்குச் சீக்கிரம் தலையாட்டுவார். அதையும் கடிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற வரி அதிலும் இருக்கும்.